கருவியும் கண்ணும்

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சி நகரைச் சார்ந்த கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தி நாடெங்கும் பரவியது. செய்தியோடு படங்களும் பரவின. அடுக்கிய சிதைகளையும் அழுது புரளும் பெண்டிரையும் கண்டோம். பின்னர்க் காவலர் கல்வராயன் மலையேறிச் சாராய ஊறல்களை அழிக்கும் காட்சிகளைக் கண்டோம். அப்படங்களை எடுத்தோரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. செய்தி அறிவித்தல் அவர் கடன். ஆயினும், ஒரு நிலம் அதன் சாவினாலும் சாராயத்தினாலும், ஓய்வுநாட்களில் அதன் அருவிகளினாலும் மட்டுமே பிறர் கண்ணுக்குப் புலப்படுமாயின், அந்நிலத்து மக்களை நாம் கண்டோமென்று சொல்லத் தகுமோ? இவ்வினாவே, புகைப்படக் கலைஞனுக்கு வேண்டிய பயிற்சி யாது என்னும் ஆராய்ச்சியில் நம்மைச் செலுத்தியது.

நல்ல காமிராவும், ஒளியின் அளவறியும் திறமையும் இருப்பின் போதும் என்பர் பலர். அவை வேண்டுவனவே. ஆனால் எழுத்தாணியைக் கூராக்குதல் வேறு, கவி புனைதல் வேறு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுக் குலங்களைப்பற்றி 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் படங்கள் பல உள. கல்வராயன் மலையிலும் வாழும் மலையாளி மக்களும் அந்நூலில் கூறப்பட்டுள்ளனர். காமிராவோடு, மக்களின் தலையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளையும் அவர் கையாண்டார். கருவியிற் குறைவில்லை. எனினும் அத்தகைய படங்களில் நிற்போர், ஒரு தாய்க்குப் பிறந்து ஒரு பெயர் தாங்கிய மனிதராகவன்றி, ஒரு குலத்தின் மாதிரியாகவே நமக்குத் தோன்றுகின்றனர்.

இனி, நம் காலத்துப் புகழ்பெற்ற கலைஞர் ஒருவரின் வரலாற்றைக் காண்போம். 1961-இல் புதுதில்லியிற் பிறந்த தயானிதா சிங் அம்மையார், அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், பின்னர் நியூயார்க்கிலும் முறையாகப் பயின்றவர். மாணவியாயிருந்த காலத்திலேயே, தபலா வித்துவான் ஜாகிர் உசேனோடும் பிற இசைவாணரோடும் ஆறு குளிர்காலங்கள் ஊரூராகச் சென்றார். அதன் பயனாக 1986-இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 1989-இல் இலண்டன் நாளிதழ் ஒன்றுக்காகத் தில்லியில் மோனா அகமது என்னும் திருநங்கையைப் படமெடுத்தார். படங்கள் இலண்டனில் வெளிவரும் என்றறிந்த மோனா, ஆங்கே தம் உறவினர் உளரென்று கூறிப் பிலிம் சுருளைத் திருப்பிக் கேட்டார். அம்மையார் மறுக்காமற் கொடுத்துவிட்டார். கைக்கெட்டிய படம் போயிற்று. ஆனால் பல்லாண்டு நீடித்த நட்பொன்று பிறந்தது. அந்நட்பின் கனியே, மோனாவின் சொற்களையும் தாங்கி 2001-இல் வெளிவந்த நூல். இரு நிறுவனங்களிலும் பெற்ற கல்விக்குக் குறையாத கல்வியை, அச்சுருளைக் கொடுத்த கை அன்று பெற்றது என்பது நம் துணிபு.

2022-இல் உலகப் புகழ்வாய்ந்த ஹாசல்பிளாட் பரிசைப் பெற்ற அவ்வம்மையார், கிராமிய இந்தியாவின் வாழ்வைப் பதிவுசெய்யும் பாரி அமைப்போடு சேர்ந்து ஒரு விருதையும் ஏற்படுத்தினார். அதனை முதன்முதற் பெற்றவர் நம் தமிழ்நாட்டவரான எம். பழனி குமார். மதுரைப் பக்கத்திலே மீன் விற்று மக்களை வளர்த்த அன்னையின் மகன் அவர். கடன்பட்டு வாங்கிய காமிராவினால் அவ்வன்னையின் உழைப்பைப் படமெடுத்தார். மலக்குழியில் இறங்கும் தொழிலாளரின் துயரைக் காட்டிய, 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவும் அவருடையதே. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு இக்கலையைக் கற்பித்தும் வருகின்றார். ஒருவர் கலைக்கூடங்களில் வைத்துப் போற்றப்படுபவர். மற்றவர் வாழ்க்கையை உள்ளவாறு பதிவுசெய்பவர். வழி வேறாயினும் இருவரும் கற்ற பாடம் ஒன்றே: ஒருமுறை கண்டு அகலாமல், மீண்டும் மீண்டும் சென்று, படத்தில் நிற்பவரின் சம்மதத்தையும் அன்பையும் பெறுதல்.

இப்பாடத்தைக் கல்வராயன் மலையிற் பிறந்த ஓர் இளைஞனோ நங்கையோ கற்பின் என்னாகும்? வெள்ளிமலைச் சந்தையும், மரவள்ளிக் கொல்லையும், சாமை புடைக்கும் பாட்டியின் கையும் நமக்குப் புதிதாய்த் தோன்றும். "மலைவாசிக்குச் சாலையும் மருத்துவமும் வேண்டும், காமிரா எதற்கு?" என்று சிலர் வினவுவர். சாலையும் மருத்துவமும் முதற்கண் வேண்டுவனவே. அவற்றைத் தடையின்றி வற்புறுத்துவோம். ஆயினும், குற்றவாளியாகவோ இரங்கத்தக்கவராகவோ மட்டும் ஒரு மக்களைக் காட்டும் வரையில், அவர்க்குரியதைப் பிச்சையாக அளிக்கும் மனப்பான்மை நம்மைவிட்டு நீங்காது.

ஆகையால் நம் கல்லூரிப் புகைப்படச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மலையேறி அருவியைப் படமெடுத்து மீளும் வழக்கத்தைச் சிறிது மாற்றுக. மலைப்பள்ளி மாணவர் சிலருக்கு இக்கலையைக் கற்பித்து, இரண்டொரு காமிராக்களை ஓராண்டு அவர்தம் கையிலேயே விட்டு வருக. பழைய மாணவர்கள் பொருளுதவி புரிக. அவர்கள் எடுக்கும் படங்களுள் எவை வெளிவரலாம், எவை வரலாகா என்பதை அவர்களே முடிவுசெய்க. நம் சுவரில் தொங்கும் படங்கள் குறையினும் குறைக. அவர்கள் நம்பிக் காட்டும் ஒரு படம், நாம் பறித்துவரும் நூறு படங்களினும் மேலானதன்றோ?