மருந்துக்கும் ஜாதகமா?

"பென்சிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று ஆஸ்பத்திரியில் சொல்லுகிறவர்கள் நம்மில் அநேகர். எப்போது கண்டது என்று கேட்டால், "சிறு பிள்ளையில் ஏதோ ஊசி போட்டார்களாம், உடம்பெல்லாம் தடித்ததாம், ஆத்தாள் சொல்லுவாள்" என்பார்கள். எந்த ஊசி, எத்தனை நாளில் தடித்தது, மூச்சு முட்டியதா என்றால் பதில் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை நோயாளியின் சீட்டில் சிவப்பு மையால் ஏறிவிடுகிறது. ஏறிய பின் அதை அழிக்க வைத்தியருக்கும் துணிவில்லை, நோயாளிக்கும் மனமில்லை. பிறந்தபோது எவனோ எழுதிய ஜாதகத்தைச் சாகும்வரை சுமக்கிறோமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சோதித்துப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு என்ன? பென்சிலின் ஆகாது என்று சொல்லும் 100 பேரை முறையாகப் பரிசோதித்தால், 90 பேருக்கு மேல் அதைத் தாராளமாகத் தாங்குகிறார்கள். காரணம் இரண்டு. பிள்ளைகளுக்குக் காய்ச்சலாலேயே உடம்பு தடிப்பதுண்டு. பழி மருந்தின்மேல் விழுகிறது. மெய்யாகவே ஒவ்வாமை இருந்தவர்களிலும் 100-க்கு 80 பேருக்குப் பத்து வருஷத்தில் அது மறைந்துவிடுகிறது.

நமது திருவாடானைக்கு ஸ்தலபுராணம் ஒன்று உண்டு. துர்வாச முனிவன் சாபத்தால் வாருணி என்பவனுக்கு ஆட்டுத் தலையும் ஆனை உடலும் வந்ததாம். அதனால்தான் ஊருக்கு ஆடானை என்று பெயராம். ஆட்டையும் ஆனையையும் எப்படி ஒட்டினீர் என்று எவரும் கேட்டதில்லை. காய்ச்சலின் தடிப்பை மருந்தின் தலையில் ஒட்டியதும் இதே மாதிரி ஒட்டுதான். புராணத்தை நம்பினால் போவது தேங்காயும் கற்பூரமும். இதை நம்பினால் உயிரே போகக்கூடும்.

"பென்சிலின் இல்லாவிட்டால் வேறு மருந்தா இல்லை?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அவற்றில் பல, நோய்க் கிருமியோடு உடம்புக்கு வேண்டிய கிருமிகளையும் சேர்த்து அழிப்பவை. மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமி. பிரிட்டன் நோயாளிகளின் குறிப்புகளைக் கொண்டு 2018-ல் வெளியான ஆராய்ச்சியில், பென்சிலின் ஆகாதென்று எழுதப்பட்டவர்களுக்கு இப்படி அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி பற்றும் அபாயம் மற்றவர்களைவிட 100-க்கு 69 பங்கு அதிகமாகக் காணப்பட்டது. தொண்டை நோவில் தொடங்கி இருதயத்தைக் கெடுக்கும் வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியே சிறந்த காவல். மேகநோய் கண்ட கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளையையும் காப்பதென்று நிரூபிக்கப்பட்ட மருந்து பென்சிலின் ஒன்றே. இவர்கள் சீட்டில் பொய் ஏறினால் அதற்கு யார் ஜவாப்தாரி?

ஒவ்வாமையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஊசி ஏறிய சில நிமிஷங்களில் மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் விழுந்து மாண்டவர்கள் உண்டு. தோல் உரிந்து உயிருக்குப் போராடியவர்களும் உண்டு. தோல் உரிந்தவர்களுக்கு அந்த மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்கவே கூடாது. மூச்சு முட்டியவர்களை நிபுணர்தான் பார்க்க வேண்டும். ஆனால் "எப்போதோ லேசாய்த் தடித்தது" என்பவர்களுக்கு, வைத்தியர் எதிரிலேயே மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கவனித்தால் போதும். வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படிப்பட்டவர்கள் ஏறக்குறைய 380 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தோல் சோதனை செய்தும், மறு பிரிவுக்கு நேரே மாத்திரை கொடுத்தும் பார்த்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரிவுக்கு ஒருவருக்குத்தான் ஒவ்வாமை கண்டது. ஆனால் எவரும் வீட்டில் தாமாகத் தின்று பார்க்கத் துணிய வேண்டாம். அது பகுத்தறிவல்ல, முரட்டுத்தனம்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. திருவாடானை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் "அலர்ஜி" என்று மட்டும் எழுதாமல், எந்த மருந்து, எந்த வருஷம், என்ன நேர்ந்தது என்று நாலு வரி எழுதட்டும். சந்தேகமுள்ளவர்களை, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். அங்கே வாரத்தில் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கட்டும். சோதித்த முடிவை நோயாளி கையிலேயே எழுதிக் கொடுக்கட்டும்.

தோழர்களே! தாத்தன் சொன்னான் என்று கடவுளை நம்பாதே என்று சொல்லும் நாம், ஆத்தாள் சொன்னாள் என்று மருந்தை மட்டும் ஒதுக்கலாமா? அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "எனக்கு ஆகாது என்று எழுதியிருக்கிறதே, அது மெய்தானா, சோதித்துச் சொல்லுங்கள்" என்று வைத்தியரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லுவது அவர் கடமை.