பழைய லேப்டாப் வாங்குவது கேவலமில்லை. பார்க்காமல் வாங்குவதே நஷ்டம்

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு லேப்டாப் இல்லாமல் காரியம் நடவாது என்ற நிலைமை வந்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பாட வேலை, வேலை தேடும் பெண்ணுக்கு விண்ணப்பம், சிறு கடை வைத்திருப்பவருக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, குமாஸ்தாவுக்கு வீட்டில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய ஆபீஸ் வேலை என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கிறது. கைப்பேசியில் பாதி வேலை நடக்கும். மீதிப் பாதி நடக்காது. பத்துப் பக்கம் டைப் செய்ய வேண்டியவர் கைப்பேசியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

புதிய லேப்டாப்பின் விலையோ மாதச் சம்பளக்காரரை மலைக்க வைக்கிறது. ஆகவே நம்மவர்களில் பலர் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, லாமிங்டன் ரோடு கடைகளில் 'ரீஃபர்பிஷ்டு' லேப்டாப் விசாரிக்கிறார்கள். கம்பெனிகள் சில ஆண்டுகள் உபயோகித்துவிட்டு மொத்தமாகக் கழித்த இயந்திரங்கள் இவை. இப்படி வாங்குவது சரிதானா என்று பலர் கேட்கிறார்கள். சரிதான் என்பதே என் கருத்து. ஆனால் 'ரீஃபர்பிஷ்டு' என்ற சொல்லை நம்பி வாங்கக்கூடாது. என்ன வேலை செய்யப்பட்டது என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரம்பூரில் செய்த ஒரு பெட்டி பல ஆண்டுகள் ஓடிய பிறகு மாட்டுங்கா பணிமனைக்கு வருகிறது. அங்கே சக்கரம், பிரேக் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துச் செப்பனிட்டு வெளியே அனுப்புகிறார்கள். இதற்கு பி.ஓ.எச். என்று பெயர். வெளியே வரும் பெட்டியின் கோடியில், எந்தப் பணிமனையில் எப்போது வேலை நடந்தது, மறுபடி எப்போது திரும்பி வர வேண்டும் என்பதையெல்லாம் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். பிளாட்பாரத்தில் நிற்கும் எவரும் அதைப் படிக்கலாம். வெறும் வர்ணம் பூசிய பெட்டியை எவரும் பி.ஓ.எச். முடிந்த பெட்டி என்று சொல்வதில்லை. லேப்டாப் விஷயத்தில் மட்டும், துடைத்துப் பளபளப்பாக்கி ஸ்டிக்கர் ஒட்டியதையே 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நேர்மையாக வேலை செய்து விற்கிறவர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். இருவரையும் பிரித்தறிவது வாங்குபவரின் பொறுப்பாகிவிட்டது.

மலிவான புதியதா, தரமான பழையதா?

அதே விலையில் புதியதே கிடைக்கிறதே என்று சிலர் வாதிப்பார்கள். கிடைக்கிறது. ஆனால் குறைந்த விலைப் புதிய லேப்டாப்புகள் பலவற்றில் வேகம் குறைந்த பிராசசரும், 4 ஜி.பி. ராமும், பின்னால் மாற்ற முடியாதபடி போர்டோடு ஒட்டிய சேமிப்பும்தான் இருக்கின்றன. வாங்கிய ஆறாம் மாதமே திணற ஆரம்பித்தால் புதியது என்ற பெருமையால் என்ன பயன்?

டெல் லாட்டிட்யூட், எச்.பி. எலைட்புக், லெனோவா திங்க்பேட் போன்றவை ஆபீஸ் உபயோகத்துக்கென்றே செய்யப்பட்டவை. திங்க்பேட் 1992-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த வரிசை, 2005-ல் அந்தத் தொழில் லெனோவா கைக்கு மாறியது. இத்தகைய இயந்திரங்களில் கீபோர்டு உறுதியாக இருக்கும். பல மாடல்களில் அடிமூடியைத் திருகு கழற்றித் திறந்து ராம், எஸ்.எஸ்.டி., பேட்டரி ஆகியவற்றை மாற்றலாம். கம்பெனிகள் ஏராளமாக வாங்கிய மாடல்கள் என்பதால் உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. நாள் முழுவதும் டைப் செய்பவருக்கு இந்தக் குணங்கள்தான் முக்கியம்.

முதல் கேள்வி: எந்தத் தலைமுறை?

கடையில் 'ஐ7 சார், ஐ7' என்று அழுத்திச் சொல்வார்கள். அதில் மயங்கக் கூடாது. இன்டெல் பிராசசரின் பெயரில் சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ5-6300யு என்றால் 6-ம் தலைமுறை; ஐ5-8350யு என்றால் 8-ம் தலைமுறை; ஐ5-10310யு என்றால் 10-ம் தலைமுறை. ஐ7-7600யு என்பதில் 2 கோர்கள்தான் உண்டு. ஐ5-8350யு என்பதில் 4 கோர்கள். அதாவது பழைய 'ஐ7'ஐவிட அடுத்த தலைமுறை 'ஐ5' பலமானது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் 8-ம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். தகுதியில்லாத பழைய இயந்திரத்திலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படி ஏற்றியதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. பேங்க் கணக்கையும் ஆதார் நகலையும் வைத்துப் புழங்கும் இயந்திரம் அது. பூட்டு இல்லாத பெட்டியில் சம்பளத்தை வைப்பாரா எவரும்?

ஆகவே, 2018-ஐ ஒட்டி வந்த லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5, திங்க்பேட் டி480 போன்றவற்றை அடிமட்டமாக வைத்துக்கொண்டு அதற்கு மேல் பார்ப்பது நல்லது. ராம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. ஹார்ட் டிஸ்க் அல்லாமல் எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும். ஸ்கிரீன் 1920க்கு 1080 அளவில் இருந்தால் கண்ணுக்கு நல்லது. அதைவிடப் பழையதுதான் கைக்கு எட்டும் என்றால், அதில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டத்தை ஏற்றி, லிப்ரே ஆபீஸ் வைத்துக் கடிதம், கணக்கு வேலைகளைச் செய்யலாம். ஆனால் டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள் வேண்டியவர்களுக்கு அது ஒத்துவராது.

கடையிலேயே அரை மணி நேரம்

காய்கறி வாங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற நாம், பதினையாயிரம் இருபதாயிரம் ரூபாய்ப் பொருளை ஐந்து நிமிஷத்தில் வாங்குவது ஏன்? அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

முதலில் பேட்டரி. விண்டோஸிலேயே 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்கும் வசதி உண்டு. எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் இருந்த கொள்ளளவு, இப்போது உள்ள கொள்ளளவு என்று இரண்டு எண்கள் வரும். முதலாவது 50,000, இரண்டாவது 30,000 என்றால் பேட்டரியில் நூற்றுக்கு அறுபதுதான் மிச்சம். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்; அல்லது வேறு பேட்டரி கேட்கலாம். எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச மென்பொருள்களும் இருக்கின்றன.

அடுத்து, நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பாருங்கள். ஸ்கிரீன் முழுவதும் வெள்ளையாக்கிக் கறையோ புள்ளியோ இருக்கிறதா என்று கவனியுங்கள். மூடித் திறந்தால் கீல் ஆடக் கூடாது. சார்ஜர் முனையை மெல்ல அசைத்தால் சார்ஜ் ஏறுவது நிற்கக் கூடாது. கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை, எல்லா யு.எஸ்.பி. துளைகளையும் சோதியுங்கள். இருபது நிமிஷம் வீடியோ ஓடவிட்டு, ஃபேன் அலறுகிறதா, அடிப்பாகம் கொதிக்கிறதா என்று பாருங்கள்.

பலர் கவனியாத விஷயம், பழைய கம்பெனியின் பூட்டு. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வாங்கிய லேப்டாப் இரண்டு மாதம் நன்றாக ஓடியது. விண்டோஸை ரீசெட் செய்தபோது, முன்பின் அறியாத ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி, அதன் ஊழியர் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிட்டது. பில் இல்லாததால் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். எனவே, பணம் கொடுக்குமுன் கடையிலேயே ரீசெட் செய்து, இன்டர்நெட்டில் இணைத்து, நம் பெயரில் திறக்கச் சொல்ல வேண்டும். பயாஸ் அமைப்புக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பல ஆபீஸ் மாடல்களில் அந்தப் பாஸ்வேர்டை உள்ளே உள்ள சிறு பேட்டரியைக் கழற்றினாலும் நீக்க முடியாது.

பில் இல்லாமல் நகர வேண்டாம்

'பில் வேண்டாம் என்றால் ஐந்நூறு குறைத்துக்கொள்கிறேன்' என்பது பழைய தந்திரம். அந்த ஐந்நூறு ரூபாய்க்காக உரிமையைப் பறிகொடுக்க வேண்டாம். கடையின் ஜி.எஸ்.டி. எண், லேப்டாப்பின் மாடல், சீரியல் எண், வாரன்டி எத்தனை மாதம், எதற்கெல்லாம் பொருந்தும் என்பதெல்லாம் பில்லில் இருக்க வேண்டும். களவுப் பொருள் நம் தலையில் விழாமல் இருக்கவும் அந்தக் காகிதம்தான் காப்பு.

வேற்று மாநிலத்தில் இருக்கிறோம், எங்கே போய் வழக்காடுவது என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது பில்தான்.

அரசுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பழைய மின்னணுப் பொருள்களைப் புதுப்பிப்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவோடு நின்றுவிடாமல், ரயில் பெட்டியில் எழுதுவதுபோல, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம், எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது என்று ஒவ்வொரு லேப்டாப்போடும் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கினால், ஏழை எளியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

எல்லோரும் பழையதே வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க ஆள் இல்லாதவரும், வீடியோ எடிட்டிங் போன்ற கனத்த வேலை செய்பவரும், கம்பெனி வாரன்டி இல்லாமல் தூக்கம் வராதவரும் கொஞ்சம் கூடக் கொடுத்துப் புதியதே வாங்குவது நல்லது. மற்றவர்களுக்குப் பழையதில் எந்தக் குறைவும் இல்லை. ஒரு காலத்தில் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துச் சர்டிபிகேட்டை மட்டும் நம்பி இந்நகரத்தில் வந்திறங்கிய நம் முன்னோர், இன்ஸ்டிடியூட்டில் பலர் கைபட்டுத் தேய்ந்த மிஷினில்தான் பழகினார்கள். அதனால் அவர்கள் அடித்த கடிதம் மட்டமாகிவிடவில்லை.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் தெரிந்த நம் இளைஞர்கள் இரண்டு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் உட்கார்ந்து, வாங்கப் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லவும், வாங்கி வந்ததை வாரன்டி முடியுமுன் சோதித்துக் கொடுக்கவும் ஏற்பாடு செய்யலாம். சீட்டுப் பணத்திலோ பி.எஃப். கடனிலோ வாங்கும் பொருள் அது. ஒரு குடும்பத்தின் பணம் வீணாகாமல் காப்பாற்றினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பலன் உண்டு.