நாகம் 907 பாகையில் கொதிக்கும்: வெல்டிங் கடைத் தம்பிகளுக்கு இதை யார் சொல்வது?

கொஞ்சம் நீண்ட பதிவு. உங்கள் வீட்டில் வெல்டிங் கடைக்கோ நகைப்பட்டறைக்கோ வேலைக்குப் போகும் ஒருவர் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

மூலகங்களின் கொதிநிலை எப்படி மாறும் என்று உயர்தரப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே மூச்சில் விடை வரும்: "கூட்டத்தில் கீழே போகப் போகக் கூடும்." அலசன்களுக்கு அது சரிதான். புளோரீன் மறை 188, குளோரீன் மறை 34, புரோமீன் 59, அயடீன் 184 பாகை செல்சியஸ். மூலக்கூறு பெருக்க இலத்திரன்கள் கூடும், ஒன்றையொன்று இழுக்கும் விசையும் கூடும், பிரித்து ஆவியாக்க அதிக வெப்பம் வேண்டும். அதே விதியை 12ஆம் கூட்டத்துக்குக் கொண்டு போனால் கவிழ்ந்துவிடும். நாகம் 907, கட்மியம் 767, இரசம் 357. கீழே போகக் குறைகிறது.

இந்த மூன்று எண்களும் வினாத்தாளில் வருமோ வராதோ, யாழ்ப்பாணத்துப் பட்டறைகளுக்குள் தினமும் வருகின்றன.

ஏன் இப்படி? உலோகத்தில் அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பவை வெளியிலுள்ள இலத்திரன்கள். இரும்பில் நிரம்பாத d உபசக்தி மட்டமும் அந்தப் பிணைப்பில் சேர்கிறது, அதனால் அது 2860 பாகையளவில்தான் கொதிக்கும். நாகத்தில் d மட்டம் பத்து இலத்திரன்களோடு நிரம்பி ஒதுங்கிவிட்டது, பிணைக்க மிஞ்சுவது இரண்டே இரண்டு. இரசத்தில் அந்த இரண்டையும் பெரிய கரு தன் பக்கம் இறுக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் அது சாதாரண வெப்பநிலையிலேயே திரவம். (இதற்கு ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை வரை போக வேண்டும், அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

இனி கடைக்குள் வருவோம். கேற், கிறில், தண்ணீர்த் தாங்கி நிற்கும் கால் என்று எதை எடுத்தாலும் ஜி.ஐ. பைப்தான். கல்வனைஸ் என்பது இரும்பின் மேல் பூசிய நாகம். இரும்பு உருக 1538 பாகை வேண்டும். வெல்டிங் தீப்பொறியின் வெப்பமோ 3000 பாகைக்கும் மேல். அப்படியென்றால் இரும்பு உருகத் தொடங்கும் முன்பே மேலுள்ள நாகம் கொதித்து ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நாக ஒட்சைட்டாகிறது. ஜி.ஐ. ஒட்டும்போது எழும் வெள்ளைப் புகை அதுதான். குனிந்து வேலை செய்பவரின் முகத்துக்கு நேரே அது எழுகிறது.

அன்று பின்னேரம் அல்லது இரவு குளிர் பிடிக்கும், உடம்பு உளையும், வாயில் உலோகச் சுவை வரும், காய்ச்சல் காயும். ஓரிரு நாளில் விட்டுவிடும். உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். விடுமுறை கழிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில்தான் இது கடுமையாக இருக்கும், ஏனென்றால் உடம்பு பழகியது இடையில் மறந்துபோகும். பித்தளை உருக்குபவர்களுக்கும் இதே காய்ச்சல்தான், பித்தளையிலும் நாகம் உண்டு.

"பால் குடிச்சாச் சரி" என்று மேசன், வெல்டிங் பாஸ் எல்லாரும் சொல்கிறார்கள். புகை போனது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. பால் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்.

கட்மியம் இன்னும் மோசம். கேடிஎம் நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தக் கேடிஎம் கட்மியம்தான். தங்கம் உருகுவது 1064 பாகையில், கட்மியம் கொதிப்பது 767இல். பற்றவைக்கும்போது ஆவியாகி ஊதுகுழல் பிடிப்பவரின் நுரையீரலுக்குள் போகிறது. நாகப் புகை காய்ச்சலோடு விட்டுவிடும், கட்மியப் புகை உயிரையே எடுக்கும். நகை அணிபவரை விட, செய்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

"கூலி வேலைக்குப் போற பிள்ளைக்கு ஆவர்த்தன அட்டவணை எதுக்கு சேர்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. எங்கள் கருத்து நேர்மாறானது. வைத்தியராகப் போகும் பிள்ளை இதைப் பிறகும் படிக்கலாம். சாதாரண தரத்தோடு நின்று, பாஸுக்குக் கையாளாகப் போகிற பிள்ளைக்கு இந்தப் பாடம் மறுபடி கிடைக்காது. நாங்கள் வகுப்பில் அலசன்களுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பத்து நிமிடம் நாகத்துக்கும் போகட்டும்.

கடை வைத்திருப்பவர்களே, ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் சில அங்குலத்துக்கு நாகப் பூச்சை கிரைண்டரால் எடுத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள், அந்தத் தூளுக்கும் முகக்கவசம் வேண்டும். உள்ளே அல்ல, வெளியில் காற்றுப் படும் இடத்தில் ஒட்டட்டும். மின்விசிறியைப் புகை முகத்தை விட்டு விலகும்படி வையுங்கள். துணி மாஸ்க் இந்தப் புகையை மறிக்காது, புகைக்கென்று வரும் வடிகட்டிக் கவசம் வாங்கிக் கொடுங்கள். கேற்றுக்கு ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் நாமும் அந்தக் கவசத்தின் விலையைத்தான் குறைக்கிறோம்.

இன்னொன்று. மாரி காலத்தில் இங்கே டெங்கும் வரும், அதுவும் உடம்பு உளைவோடும் காய்ச்சலோடும்தான் தொடங்கும். வெல்டிங் காய்ச்சல்தானே என்று பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். வைத்தியரிடம் போங்கள், "நேற்று கல்வனைஸ் ஒட்டினேன்" என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.