தடையும் மூடையும்: இடையில் மறந்துபோன வேர்

2021 மே மாதம், ஒரே வர்த்தமானியின் மூலம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு. நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. இடையில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான பற்றீரியா இருப்பதாகக் கூறி அதனை இறக்க மறுத்தோம். 2022 ஜனவரியில் அதற்காக 67 இலட்சம் டொலரையும் செலுத்தினோம். நிலத்தில் ஒரு பிடிகூட விழாத பசளைக்கு நாம் கொடுத்த விலை அது.

பற்றீரியா என்றதும் அந்தக் கப்பலே நம் நினைவுக்கு வருகிறது. வவுனியாவில் விளையும் உழுந்தின் வேரில் குடியிருக்கும் பற்றீரியாவைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

காற்றில் 78 சதவீதம் நைதரசன். பயிர் அதனை நேரடியாக உறிஞ்ச முடியாது. அவரைக் குடும்பத்துப் பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் றைசோபியம் அதனைப் பயிருக்கு உகந்ததாக மாற்றித் தருகின்றது. 1888இல் ஒல்லாந்து விஞ்ஞானி பைஜரிங்க் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நமது கொள்கை வகுப்பாளர்களுக்குத்தான் அச்செய்தி இன்னும் எட்டவில்லை போலும்.

யூரியாவே கதி என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மண்ணில் நைதரசன் மிகுந்தால் செடி தன் வேரில் முடிச்சுகள் உருவாவதைக் குறைத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைப்பதைத் தடுப்பதற்கு நாம் காசு கொடுக்கின்றோம்.

இரசாயனமே நஞ்சு என்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நைதரசன் மூலக்கூறை அமோனியாவாக்கக் குறைந்தது 16 ஏரிபி மூலக்கூறுகள் செலவாகின்றன. ஏரிபியில் பொசுபரசு உண்டு. பொசுபரசு இல்லாத மண்ணில் பற்றீரியாவும் பட்டினிதான். எப்பாவலைப் பொசுபேற்றுப் பாறை எளிதில் கரையாது. மூன்று மாதப் பயிருக்கு அது உதவுவது அரிது. கரையக்கூடிய பொசுபேற்று இறக்குமதியாகவே வந்தது. 2021இன் தடை, யூரியாவோடு சேர்த்து அதனையும் நிறுத்தியது. இயற்கையின் பெயரால் இயற்கையின் கையையே கட்டிப்போட்டார்கள்.

எல்லாப் பயிரும் ஒன்றல்ல. உழுந்துக்கும் பயறுக்கும் கௌபிக்கும் ஏற்ற பற்றீரியா நம் மண்ணில் பெரும்பாலும் உண்டு. வெளியிலிருந்து வந்த சோயாவுக்கு அதற்கேற்ற இனத்தை விதையில் பூசியே விதைக்க வேண்டும். மலைநாட்டுப் போஞ்சியோ நைதரசனைப் பதிப்பதில் பலவீனமானது. அதற்கு ஓரளவு நைதரசன் பசளை தேவை. பூசும் பற்றீரியா உயிருள்ளது. வெயிலில் வைத்தால் இறந்துவிடும். இவற்றையெல்லாம் வர்த்தமானியில் எழுத முடியாது. வயலுக்குச் சென்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு உத்தியோகத்தர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், பொறுமை வேண்டும். தடைக்கும் மானியத்துக்கும் ஒரு கையெழுத்துப் போதும். ஆகவே அரசுகள் அவற்றையே விரும்புகின்றன.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பற்றீரியா உழைக்கின்றது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் உழைக்கவில்லை. இதற்கு டொலர் தேவையில்லை.

பசளை பற்றிய அடுத்த வர்த்தமானியில் கையொப்பமிடும் அமைச்சர், அதற்கு முன் ஓர் உழுந்துச் செடியையாவது தோண்டிப் பார்க்கட்டும்.