ஆங்கிலத் தாளும் நம் வீட்டுத் தமிழும்

மார்ச் நெருங்கினால் தங்கவயல் லைன் வீடுகளில் எஸ்.எஸ்.எல்.சி. பயம் வந்து குந்திக்கொள்கிறது. கணக்கைவிட, விஞ்ஞானத்தைவிட, இரண்டாம் மொழி ஆங்கிலம் என்றால்தான் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. பெற்றோருக்கோ அதைவிட அதிகம். "எனக்கு ஏ, பி, சி, டி.யே முழுசாத் தெரியாது, நான் என்னத்தச் சொல்லித் தர்றது?" என்று கையை விரித்துவிட்டு, டியூஷன்காரர் வீட்டு வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறார்கள். இந்தக் கைவிரிப்பைத்தான் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

கன்னட வழியில் படிக்கும் நம் பிள்ளைகளின் நிலை என்ன? வீட்டில் தமிழ். பள்ளியில் முதல் மொழி கன்னடம், 125 மதிப்பெண். இரண்டாம் மொழி ஆங்கிலம், 100 மதிப்பெண். அதில் 20 பள்ளியிலேயே போடுவது, 80 எழுத்துத் தேர்வு. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அதன்பின் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் உழைத்து, இருட்டியபின் திரும்புவதே எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு. பிள்ளையை விழித்த கண்ணோடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். இதில் பாடம் எங்கே கேட்பது என்பீர்கள். நியாயந்தான். ஆனால் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

நம் லைனில் ஒரு பையன். டியூஷன்காரர் ஒருவர் "இவை வந்தே தீரும்" என்று விற்ற கட்டுரைகளை நெட்டுருப் போட்டான். வந்ததோ வேறு தலைப்பு. மனப்பாடம் செய்ததையே எழுதிவிட்டு வந்தான். மற்ற பாடங்களில் தேறியவன் ஆங்கிலத்தில் போனான். தகப்பனார் மறுவாரமே பெங்களூரில் லோடு ஏற்றும் வேலைக்குக் கூட்டிப் போய்விட்டார். 2024இல் வந்த முறைப்படி அப்போது ஓராண்டில் மூன்று தேர்வுகள் நடந்தன, தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியவில்லை. நமக்குச் செய்தி வந்தபோது இரண்டாம் தேர்வுக்குப் பணம் கட்டும் தேதி முடிந்துவிட்டது. மூன்றாம் தேர்வு பாக்கி இருந்தது. ஆனால் பையன் கூலிப் பணத்தைக் கையில் பார்த்துவிட்டான். "வேணாம் மாமா, விடுங்க" என்றான். குற்றம் யாருடையது? பொதுக்கூட்டத்துக்குத் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டிய நாமும் இதற்கு ஒரு நோட்டீஸ் ஒட்டவில்லையே!

சரி, தாளில் அப்படி என்னதான் கேட்கிறார்கள்? அடிக்கோடிட்ட சொல் விடையாக வரும்படி கேள்வி அமைக்கச் சொல்கிறார்கள். புக்கிங் சன்னலில் நாம் நாள் முழுதும் கேட்பது என்ன? எங்கே போகவேண்டும், எந்தத் தேதி, எத்தனை பேர், யார் யார்? வேர், வென், ஹௌ மெனி, ஹூ. ஊருக்கு டிக்கெட் எடுப்பதாகச் சொல்லிப் பிள்ளையைக் கேட்க வையுங்கள். பத்து நிமிட வேலை.

ஒருவர் சொன்னதை மற்றவர் வாயால் மாற்றி எழுதச் சொல்கிறார்கள். இதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் நடுங்குகிறார்கள். "நாளைக்கு வர்றேன்" என்று மாமா சொன்னதை, அவர் மறுநாள் வருவதாகச் சொன்னார் என்று நம் வீட்டுப் பாட்டிகூடத் தவறில்லாமல் மாற்றுவாள். 'நான்' 'அவர்' ஆகிறது, 'நாளை' 'மறுநாள்' ஆகிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான். கூடுதலாக வினையைக் கடந்த காலத்துக்குத் தள்ளவேண்டும், அவ்வளவே. 'ஏ'யா 'ஆன்'ஆ என்று குழம்புகிறவனிடம் ஒரு வீடு, ஓர் ஊர் என்று சொல்லிக் காட்டுங்கள். உயிரெழுத்து ஓசை வந்தால் 'ஓர்' போடுகிற தமிழன் 'ஆன்' போட ஏன் திணறவேண்டும்? ஓசையைத்தான் பார்க்கவேண்டும், எழுத்தை அல்ல. அதனால்தான் 'ஆன் அவர்' என்கிறார்கள், 'ஏ யுனிவர்சிட்டி' என்கிறார்கள்.

ஒன்று மட்டும் நம்மைக் கவிழ்க்கும். தமிழிலும் கன்னடத்திலும் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நம் பிள்ளைக்கு இரண்டு மொழிப் பழக்கமும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கிறது. இதற்குக் குறுக்கு வழியில்லை; தினம் ஐந்து வாக்கியம் எழுதித்தான் தீரவேண்டும்.

கடிதப் பகுதிக்கு கைடு எதற்கு? குழாயில் தண்ணீர் வரவில்லை, தெரு விளக்கு எரியவில்லை, பி.எப். பணம் வரவில்லை. நம் வீடுகளில் விஷயத்துக்கா பஞ்சம்? அந்த மனுவைப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். தப்பிருந்தால் நாம் திருத்துகிறோம். (நமது ஆங்கிலமும் ஆபீஸ் ஆங்கிலந்தான், ஆனால் மனுவுக்கு அது போதும்.) எழுதியதைப் பெட்டியில் பூட்டாமல் உரிய இடத்தில் கொடுத்து வாருங்கள். தன் கடிதத்துக்குப் பதில் வந்ததைப் பார்த்த பெண் ஒருத்தி, இப்போது லைனில் பாதிப் பேருக்கு மனு எழுதித் தருகிறாள்.

வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று சிலர் பிள்ளையின் வாயைக் கட்டுகிறார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் அதட்டுகிற தகப்பனிடம் சந்தேகம் கேட்க எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? தமிழில் கேட்கட்டும், ஆங்கிலத்தில் எழுதட்டும்.

இந்த ஞாயிறு முதல் தேர்வு முடியும்வரை மாலை 4 மணிக்குச் சங்க அறையில் உட்காருகிறோம். பழைய கேள்வித்தாள் இருந்தால் எடுத்து வாருங்கள். தேர்வுக்குப் பணம் கட்டும் தேதிகளைக் கதவிலேயே ஒட்டிவைக்கிறோம். தகப்பனோ தாயோ ஒருவர் கூட வந்து உட்காரவேண்டும். நாற்காலி குறைவு, ஆளுக்கொரு பாய் கொண்டுவந்தால் நல்லது.