இலையின் நிறமும் உரத்தின் அளவும்

1965இல் ஐதராபாத்தில் தொடங்கப்பெற்ற அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் அபிவிருத்தித் திட்டமே வளர்ந்து, இன்று இராஜேந்திரநகரில் இந்திய நெல் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. குட்டை ரக நெல்லும் தழைச்சத்து உரமும் நன்செய்களில் இணைந்தே பரவின. யூரியா தேவை என்பதை இன்று எவரும் ஐயுறுவதில்லை. எப்பொழுது, எவ்வளவு இடுவது என்பதே வினா.

யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. தேங்கிய நீரில் தூவினால் அதில் கணிசமான பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. வயல் காய்ந்து நனையும்போது நைட்ரேட்டாக மாறி, வாயுவாகவும் மறைகிறது. பயிர் பெறுவது பெரும்பாலும் பாதிக்கும் குறைவே. மிகையாக இட்டால் பயிர் சாய்கிறது. குலைநோயும் புகையானும் பெருகுகின்றன.

இதற்காக உழவரைப் பழித்தல் முறையன்று. மானியத்தால் யூரியா மலிவு. விளைச்சல் குறைந்தால் இழப்போ பெரிது. ஆகவே கூடுதலாக இடும் ஒரு மூட்டை அவருக்குக் காப்பீடு போன்றது. நாளெண்ணி எல்லா வயலுக்கும் ஒரே அளவைக் கூறும் அறிவுரையிலும் குறையுண்டு.

இலை வண்ண அட்டை எளிய மாற்று. நட்ட 14ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரந்தோறும், பத்துக் குத்துகளில் முழுதும் விரிந்த இளம் இலையை நிழலில் அட்டையோடு ஒப்பிடல் வேண்டும். ஆறு இலைகளேனும் ரகத்திற்குரிய எண்ணுக்குக் கீழ் வெளுத்திருந்தால் மட்டுமே மேலுரம் இடுக.

அட்டையை அளித்துவிட்டு அகலுதல் போதாது. வயலின் ஒரு பகுதியில் இம்முறையையும் மறுபகுதியில் வழக்கத்தையும் கையாண்டு, ஊழியர் ஒரு பருவம் உடனிருந்து காட்டுதல் வேண்டும். ஆசிரியர் மாணவரையும் அங்கு அழைத்துச் செல்லலாம். விளைச்சல் குறையாமல் உரம் மிஞ்சுவதைக் கண்ணாற் கண்ட பின்னரே உழவரின் அச்சம் நீங்கும்.