தாடையையும் காக்கும் தலைக்கவசம்

சித்திரை வெயிலில் முழுமுகத் தலைக்கவசம் புழுங்குகிறது என்பது உண்மையே. அதற்காகப் பாதித்தலையை மட்டும் மூடும் கவசத்தை வாங்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. முகம் தரையில் மோதினால் தாடைக்கும் பற்களுக்கும் அதில் காப்பே இல்லை. தாடை முறிந்தவர் வாரக்கணக்கில் கஞ்சியும் பழச்சாறுமாக நாளைக் கழிப்பதை உடனிருந்து கவனிப்போர் அறிவர். வெளிர்நிறமும் காற்றுத்துளைகளும் கழற்றித் துவைக்கத்தக்க உள்ளுறையும் உடையதைத் தேர்ந்தால் புழுக்கம் குறையும். மழையிரவில் கறுப்பு முகக்கண்ணாடி வேண்டா. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்னும் எண்ணையும் பாருங்கள். விபத்தில் அடிபட்ட கவசத்தின் உள்நுரை நசுங்கியிருக்கக்கூடும். மேலோடு பளபளத்தாலும் மாற்றிவிடுங்கள். நோயாளியைக் காண வருவோர் பலர் பின்னிருக்கையில் வெறுந்தலையோடு வருகின்றனர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அவர்களுக்கும் உரியது.